மூக்குக்காரி கையெழுத்துப் போட்ட மூட்டைகள்

ஆலையில் அவளை மூக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு எப்படிக் கூப்பிட? பழைய பிளாஸ்டிக் டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் கழுவி, அரைத்து, சில்லாக்கி மூட்டை கட்டுவார்கள். மூட்டைக்கு இரண்டு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டுச் சூடாக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது அவள் வேலை. மெஷின் இல்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. அது நிறத்தைப் பார்க்கும், இரும்பைப் பிடிக்கும். பூச்சிமருந்து டப்பா ஒன்று கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்துவிட்டால் மோந்து சொல்ல அவள்தான். அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் அந்தச் சில்லு குழந்தைகள் தண்ணீர் குடிக்கும் பாட்டிலாகும்.

அந்த மூக்குதான் காய்ச்சலோடு போய்விட்டது. வெங்காயம், சோப்பு, பினாயில் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பதினாறு நாளை ஓட்டிவிட்டாள், பாவி. வாயைத் திறந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்களே! யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று, அவ்வப்போது முகத்தைச் சுளித்து, ஏதோ ஒரு மூட்டையை "இது வேண்டாம்" என்று ஒதுக்கவும் செய்தாள். துணிச்சல்காரி என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஜாடியையும் திறக்கும்போது யாராவது கவனிக்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொள்வாள்.

அன்று மத்தியானம் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். புருஷனின் தங்கை, கழுவும் தொட்டியில் வேலை. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ, என்ன அண்ணி இது? மருந்து நெடி குடலைப் புடுங்குது! இதுலயா தலையைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

மூக்குக்காரி மேஜையைப் பார்த்தாள். திறந்த ஜாடி. பக்கத்தில் மூட்டையின் அட்டை. அதில் மை காயாத அவள் கையெழுத்து.

"கிண்டல் பண்ணாதடி."

"எம் புள்ள மேல சத்தியமா அண்ணி." அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கு வாடையே வரலையா? எத்தனை நாளா?"

பதில் சொல்ல நின்றால்தானே! எழுந்து ஓடினாள். சூப்பர்வைசர் அறைக்குள் விழுந்தடித்துக்கொண்டு நுழைந்தாள்.

"சார், பதினாறு நாளா நான் போட்ட கையெழுத்தெல்லாம் பொய். எனக்கு எந்த வாசனையும் தெரியல சார்."

அந்த மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"எந்த மூட்டை கெட்டது?"

"இப்ப ஜாடியில இருக்கறது ஒண்ணு சார். மத்தது தெரியாது. அதானே சார்..."

மூட்டைக்கு மூட்டை நம்பர் உண்டு. சில்லு எங்கே போய் என்னவாக மாறினாலும் அந்த நம்பர் கூடவே போகும். அவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தேடினார். குடோனில் கிடந்தவை, லாரியில் ஏறியவை, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிப் போன் பறந்தது. ஒரு மூட்டை மட்டும் பாட்டிலாகியே விட்டது. அதில் முதல் பெட்டி, பதினாலு பாட்டில், காலையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இறங்கியிருந்தது. அவர் ஒரு காதில் லாரிக்காரனோடு போராடிக்கொண்டே காப்பகத்தின் நம்பரை அவள் பக்கம் தள்ளினார். "நீ பேசு."

"அம்மா, புது பாட்டில்ல தண்ணி குடுக்காதீங்க! எல்லாத்தையும் கொட்டிடுங்க!"

"யாரு பேசறது? இப்பதான் குடிச்சிட்டுப் படுத்துச்சுங்க. கத்தாதீங்க, பதினாலும் தூங்குது."



"எழுப்புங்க."

"என்னது?"

"எழுப்புங்கம்மா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். நான் லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. "கண்ணு, எந்திரி. எந்திரிடா." பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் வந்து பின்னால் நின்றதுகூட அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மறுபடியும், இன்னும் உரக்க, "எந்திரிடா!"

ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. ஜென்மத்தில் எந்த அழுகையையும் அவள் இத்தனை சந்தோஷமாகக் கேட்டதில்லை.

"ஒண்ணு," என்றாள், போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "மத்ததுங்களையும் எழுப்புங்கம்மா."