பலகை இல்லாத கொய்தியாவ் கடை

ஒரு சட்டியில் ஒரு தட்டுதான் வறுப்பேன். வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் ஒரு தட்டு, ஐம்பது பேர் நின்றாலும் ஒரு தட்டு. மூன்று தட்டைச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கிவிடும், பட்டையான அரிசி நூடுல்ஸான கொய்தியாவ் வெந்து குழையுமே தவிர வறுபடாது. இது புரியாதவர்கள், "ஆன்ட்டி, மொத்தமா போட்டா சீக்கிரம் முடியுமே" என்பார்கள். "உங்க வீட்டு அடுப்புல அப்படி வறுத்துத் தின்னுங்க" என்பேன். அதனால் பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் என் வாய்க்கு நல்ல பெயர் கிடையாது. கைக்கு உண்டு.

சூன் லியாட் தவுக்கேதான் கோப்பிக்கடை முதலாளி, அங்கே மொத்தம் எட்டு அடுப்புகள். கோப்பி, தேநீர் வியாபாரமும் மேசைகளும் தவுக்கேயுடையவை, அடுப்பு இடத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மீன் உருண்டை சூப், வாத்துச் சோறு, லக்சா என்று ஆளுக்கொன்று விற்கிறோம். என் அடுப்பு சாக்கடை ஓரம். கரி அடுப்பு. காலை எட்டு மணிக்கு மூட்டினால் ஒரு மணிக்கு இறால் தீர்ந்துவிடும்.

அடுப்பை முதலில் வைத்தவர் என் மாமனார் ஓங் தியோங் பின். மேலே தொங்கிய சிவப்புப் பலகையிலும் அவர் பெயர்தான். பதினான்கு வருடத்துக்கு முன்பு அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது, கரண்டியைத் தூக்க முடியவில்லை. மூத்த மகன் கெங் ஹாக் கோலாலம்பூரில் காப்புறுதிப் பாலிசி விற்றுக்கொண்டிருந்தார். இளையவர் என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர், முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. இறால் உரித்துக்கொண்டிருந்த நான்தான் எழுந்து கரண்டியைப் பிடித்தேன்.

முதல் வருடம் முழுக்க மாமனார் என் முதுகுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து குறை சொன்னார். கரி போதாது, சோயா அதிகம், மட்டிச்சதை முன்னாலேயே விழுந்துவிட்டது. மூன்றாம் வருடம் குறை சொல்வதை நிறுத்தினார். அதன்பிறகு தினமும் பத்து மணிக்கு ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தட்டில் எதுவும் மிஞ்சியதும் இல்லை. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு நானும் காலத்தை ஓட்டினேன்.

சீனப் புத்தாண்டு முடிந்த மறுவாரம் மூத்தார் கெங் ஹாக் வந்தார். கடை முடிந்து நான் அடுப்பில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். அவரும் மாமனாரும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

"அப்பா பேருக்கு இன்னிக்கு பெரிய மதிப்பு இருக்கு. இங்க பினாங்குலயே ஒரு பேரங்காடியில இடம் எடுத்துட்டேன். ஏர்கான், ஆறு அடுப்பு. அடுத்த மாசம் திறக்கிறோம்" என்றார் மூத்தார்.

"ஆறு அடுப்புல நான் எதுல நிக்கணும்?"

"நீ எதுலயும் நிக்க வேணாம். நாலு பசங்களப் பழக்கியாச்சு. நீ இனிமே வீட்ல ஓய்வா இரு. எத்தன வருஷம்தான் புகையில வேகுவ?"

என் மேல் அவருக்கு அவ்வளவு கரிசனம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாரைப் பார்த்தேன்.

"மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் மேசையையே பார்த்துக்கொண்டு பேசினார். "மூத்தவன் கேக்கிறான். பேரு என்னோடது. சட்டியும் என்னோடது. சாஸும் என்னோடதுதான்."

"அப்ப என்னோடது என்ன?"

யோசித்துத்தான் பதில் சொன்னார், கோபத்தில் வந்த வார்த்தையில்லை. "நீ வறுத்துக் குடுத்த. அவ்வளவுதான்."

பதினான்கு வருடம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அழுகை வந்தது, ஆனால் இவர்கள் முன்னால் அழுவேனா? ஏணியைப் போட்டு நானே பலகையைக் கழற்றினேன். நாற்பது வருடக் கறுப்பு ஏறிய அந்த இரும்புச்சட்டியைத் துடைத்து அதன் மேல் வைத்தேன். சாஸ் போத்தலையும் கொண்டுவந்து வைத்தேன்.

"இதையும் எடுத்துக்குங்க. இது உங்க அப்பா சாஸ் இல்ல, அஞ்சு வருஷம் முன்னாடியே நான் மாத்திட்டேன். தினம் சாப்பிட்டவருக்கே தெரியல. இருந்தாலும் எடுத்துக்குங்க."

மாமனார் தலை நிமிர்ந்தார். மகனோடு எழுந்து போனார். அன்று மாலையே அவருடைய துணிப்பையும் எங்கள் வீட்டிலிருந்து மூத்தார் பினாங்கில் எடுத்திருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் கோப்பிக்கடைத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'தியோங் பின் கொய்தியாவ் பேரங்காடிக்கு மாறிவிட்டது.' சூன் லியாட் தவுக்கே அதைப் படித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். அவருக்குக் கோப்பி விற்பதே என் வரிசையால்தான். காத்திருப்பவர்கள் சும்மா உட்கார மாட்டார்களே.

"தப்பா நினைக்காத லா. பொரிச்ச கோழிக்காரன் ஒருத்தன் இந்த எடத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான். ஒரு மாசம் பாக்கிறேன். கூட்டம் வரலைன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"ஒரு மாசம் எதுக்கு? என் கொய்தியாவ் நல்லா இல்லைன்னா நானே கெளம்பிடுவேன்" என்றேன். வாய்தான் சொன்னது. மனசு மாத வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

புதுச் சட்டி வாங்கினேன். புதுச் சட்டியில் வறுக்கிறவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். கொய்தியாவ் போட்டவுடன் பிடித்துக்கொள்ளும், சுரண்டினால் கிழியும். கடையை மூன்று நாள் மூடிவிட்டு வீட்டுக் கொல்லையில் அடுப்பு வைத்தேன். பன்றிக்கொழுப்பும் பூண்டுத்தழையும் போட்டுக் கருக்கினேன், கழுவினேன், மறுபடி கருக்கினேன். வறுத்துப் பார்த்த தட்டுகளை எல்லாம் கொட்டினேன். மூன்றாம் நாள் மாலையில்தான் கொய்தியாவ் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

நான்காம் நாள் எட்டு மணிக்கு அடுப்பை மூட்டினேன். எட்டரை வரை ஒருவரும் இல்லை. லக்சாக்காரி என்னைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டு எலுமிச்சை நறுக்கினாள். நான் அடுப்பை விசிறிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பெங் சுவான் வந்தார். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அவரைப் போல ஏழெட்டுப் பேர் முட்டையைத் தாங்களே கொண்டுவருவார்கள். அவரவர் முட்டையை அவரவர் தட்டில் உடைத்துப் போடுவேன். பெங் சுவான் இரண்டு வாத்து முட்டையை என் அடுப்பு மேடை மேல் உருண்டுவிடாமல் வைத்தார்.

"மூணு நாளா எங்க போன? வெறும் ரொட்டிய தின்னு நாக்கு செத்துப்போச்சு."

"தூண்ல நோட்டீஸ் இருக்கே, நீங்க பாக்கலியா? தியோங் பின் கடை மாறிடுச்சுன்னு போட்டிருக்கு."

"தியோங் பின்னா யாரு? அந்த மீன் உருண்டைக்காரனா?"

நான் விசிறியைக் கீழே வைத்தேன். "பத்து வருஷமா இங்க சாப்பிடுறீங்க. மேல பலகை தொங்குச்சே."

"பலகையா?" அவர் அண்ணாந்து பார்த்தார். அங்கே இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. "நான் மேல பாத்ததே இல்ல. உன் கையத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன், எறா கொறச்சுப் போடுறியான்னு."

"நான் என்னைக்குக் கொறச்சுப் போட்டேன்?"

"பாத்துக்கிட்டு நிக்கிறதாலதான் போடல."

சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. யோசித்துப் பார்த்தால் பினாங்கில் யார்தான் பலகையைப் படிக்கிறார்கள்? நானே லக்சா சாப்பிட 'மாமரத்தடி' என்றும், நண்டுக் கஞ்சிக்கு 'ஒத்தக் கண்ணன்' என்றும்தான் போகிறேன். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் கடை ஊருக்கு 'சாக்கடைக்கிட்ட திட்டுறவ' கடை. பெங் சுவான் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சு நிமிர்ந்தது. பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாம், சாக்கடையையும் என் வாயையும் யாரால் கழற்ற முடியும்?

கைப்பேசியைப் பார்த்து வரும் வெளியூர்க்காரர்கள் வரவில்லைதான். முதல் வாரம் பாதி வரிசை. இரண்டாம் வாரம், மூன்று நாள் கடை மூடிக் கிடந்தபோது பட்டினி கிடந்த கதையை ஆளுக்கு ஆள் சொல்லி உள்ளூர்க்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் வரிசை தூணைச் சுற்றி நடைபாதை வரை போனது. தவுக்கே அந்த நோட்டீஸைத் தானே கிழித்துக் கசக்கிவிட்டு, "கோழிக்காரன வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன்" என்று என் காதில் விழும்படி லக்சாக்காரியிடம் சொன்னார்.

இடம் பிழைத்தது. ஆனாலும் சட்டியை ஒவ்வொரு தட்டிலும் கவிழ்க்கும்போதும் 'நீ வறுத்துக் குடுத்த, அவ்வளவுதான்' என்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊர் ஒப்புக்கொண்டது. அந்த ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு என்ன என்று சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

பேரங்காடிக் கடை திறந்த அன்று என் வீட்டுக்காரர் மட்டும் போய்வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து நின்றார்.

"கூய் லான், அப்பாவோட சட்டிய அண்ணன் சுவத்துல மாட்டியிருக்காரு."

"மாட்டட்டும். பேருக்குத்தானே கொண்டுபோனாரு."

"இல்ல. ஆள் வச்சு தேய்க்க வச்சிருக்காரு. கம்பி போட்டு. ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல. கண்ணாடி மாதிரி மின்னுது. மேல விளக்கு வேற."

நாற்பது வருட எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து ஏறிய கறுப்பு அது. அது இருந்ததால்தான் அது சட்டி. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிட்டார்கள். மூத்தாருக்கு நன்றாக வேண்டும் என்று நினைக்க வேண்டியவள், உட்கார்ந்து அழுதேன்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"சட்டிக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னாரு. போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க, போகல. ஒரு தட்டு குடுத்தாங்க, ஒரு வாய் எடுத்துட்டு வச்சுட்டாரு."

அடுத்த சனிக்கிழமை. வரிசை நடைபாதை தாண்டியிருந்தது. வறுத்ததைத் தட்டில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது, குடை பிடித்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் மாமனார் நிற்பதைப் பார்த்தேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, எல்லோரையும் போல. எண்பத்தொரு வயது. தன் அடுப்புக்கு முன்னால் அவர் வரிசையில் நின்றதே இல்லை.

தவுக்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஐயோ அண்ணே, நீங்க எதுக்கு நிக்கிறீங்க? உள்ள வாங்க, அவகிட்ட நான் சொல்றேன்."

"வரிசை இருக்குல்ல" என்றார் மாமனார். நாற்காலியில் உட்காரவில்லை.

நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் கூப்பிடப்படுவதற்காக வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தட்டில் சோயா கூடிவிட்டது, அதைக் கொட்டிவிட்டு வேறு வறுத்தேன். முப்பது நிமிடத்துக்கு மேல் ஆனது அவர் முறை வர.

"ஒரு தட்டு" என்றார்.

"மேச எண்?"

"ஏழு." போகாமல் என் புதுச் சட்டியைக் குனிந்து பார்த்தார். "நல்லா கறுத்துக்கிட்டு வருது."

"மூணு நாள் ஆச்சு, ஒட்டாம இருக்க."

"எனக்கு முதல் சட்டிக்கு ஒரு வாரம் ஆச்சு" என்றார்.

அவருக்கு வறுத்த தட்டில் நான் கூடுதலாக எதையும் போடவில்லை. இறால் எண்ணிக்கைகூட எல்லோருக்கும் போலத்தான். அவர் மெதுவாகச் சாப்பிட்டார், தட்டைக் காலி செய்தார், எழுந்து போகாமல் என் அடுப்புப் பக்கம் வந்து தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பேச வேண்டியதை அவர்தான் பேச வேண்டும். நான் எதற்குத் தொடங்குவேன்?

அப்போது வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா கையில் கைப்பேசி. மேலே பார்த்தார், பலகை இல்லை. வரிசையைப் பார்த்தார். பிறகு தூணோரம் நின்ற கிழவரிடம் போனார்.

"அங்கிள், தியோங் பின் கொய்தியாவ் இதானா?"

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. பெங் சுவானும் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்தார்.

"இல்ல" என்றார் மாமனார். "அந்தாளு கரண்டிய கீழ வச்சு பதினாலு வருஷம் ஆச்சு. இது கூய் லானோட கடை. அவ சாஸு, அவ சட்டி, அவ கை. ஒவ்வொரு தட்டாத்தான் வறுப்பா, அவசரப்படுத்தாதீங்க. போய் வரிசையில நில்லுங்க."