கோபிசங்கரின் மூன்றாவது தேனீக் கூட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குறை சொல்லக் கூடாது.

சுபாங்கன் என்றொரு தம்பி சிற்றிதழ் நடத்துகிறார். போன மாதம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "அக்கா, கதை என்ன மாதிரி? எழுதுறியளோ, இல்லாட்டி இந்த முறையும் ஏமாத்தப் போறியளோ?"

ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, அரியாலையில் என் எழுதுமேசைக்கு முன்னால் உள்ள யன்னல் கண்ணாடியில் ஒரு தேனீ வந்து டொக்கென்று மோதியது. "ஓம் தம்பி, தேனீயைப் பற்றி ஒண்டு. முடியிற கட்டம்" என்றேன்.

தேனீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கொட்டும் என்பதுதான். ஆகவே கதையைத் தேடி ஊர் ஊராக விசாரித்தேன். உடுவிலில் ஒருவர் தேனீக் கூட்டம் பிடிக்கிறார், பிடித்தது எதுவும் நிற்பதில்லை என்றார்கள். எனக்கு வாய் ஊறியது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கோ அந்த வீட்டில் போன நேரமெல்லாம் சோறும் கறியும் கிடைத்தது.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

(அ) "பங்குனி வெயில் உடுவில் தோட்டங்களின் மீது உருகி வழிந்துகொண்டிருந்த அந்த…"
– வானிலை அறிக்கை. விட்டுவிட்டேன்.

(ஆ) "மனிதன் பேசத் தொடங்குவதற்கு முன்பே தேனீக்கள்…"
– பத்தாம் வகுப்புக் கட்டுரை. நல்ல ரீச்சராக இருந்தால் பத்துக்கு ஆறு போடுவார்.

(இ) "கோபிசங்கர் வலையை வீசியபோது மாமியார் கிணற்றடியில் வாய் பிளந்து நின்றார்."

இது பரவாயில்லை. ஆனால் கோபிசங்கர் யார், ஏன் வலை, ஏன் மாமியார் வீட்டுக் கிணற்றடி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான்.

கோபிசங்கர் வல்வெட்டித்துறைக்காரர், கடற்கரை ஊர். படகு எஞ்சின் திருத்துகிறவர். தங்கைமாரைக் கரைசேர்த்து முடிய அவருக்கு நாற்பது ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னர் உடுவில் கீர்த்திகாவைக் கட்டினார். எங்கள் வழக்கப்படி ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அதில் வெட்கம் ஏதுமில்லை. கீர்த்திகாவுக்கு ஏற்கெனவே ஒரு மகள் இருக்கிறாள், கம்ஷிகா, பதினொரு வயது. (முதல் கணவரின் கதையை எழுத வேண்டாம் என்று கீர்த்திகா கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. அடைப்புக்குறிக்குள்கூட.)

வீடு, கிணறு, வாழை, தேசிமரம் எல்லாம் கீர்த்திகாவுடையவை. அல்லது அவருடைய தாய் மீனாம்பிகையுடையவை. கோபிசங்கர் ஒரு உடுப்புப் பையோடும் ஆயுதப் பெட்டியோடும் வந்தார்.* பிறகு யூரியூப் பார்த்துத் தன் கையாலேயே ஒரு தேன்பெட்டி அடித்தார். வேலியோரம் நாலு கால் நட்டு, எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்தி, மேலே பெட்டியை வைத்தார்.

"இந்த வளவிலை நான் வைச்ச சாமான் உது ஒண்டுதான் அக்கா" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டேன். அந்தப் பெட்டியில் ஒரு கூட்டம் நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், இந்தக் கதைக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

* இங்கே ஆயுதம் என்றால் குறடும் சாவியும் திருகாணி கழற்றுவதும். வேறு எதையும் கற்பனை செய்ய வேண்டாம்.

3

முதலாவது கூட்டம் வளவு மூலையில் நின்ற வேம்பில் தானாகவே வந்து தொங்கியது. பலாக்காய் அளவு. கோபிசங்கர் ஓடிப்போய் வீச்சுவலையை எடுத்து வந்து, இடுப்பை வளைத்து, ஒரே வீச்சு. வலை பூவாக விரிந்து கூட்டத்தை மூடியது என்கிறார். வீச்சைப் பற்றி அவருக்கு இன்றைக்கும் பெருமைதான். தேனீக்கள் வலைக்கண்ணுக்குள்ளால் ஆறுதலாக நடந்து வெளியே வந்து, அவரைக் கன்னத்தில் இரண்டு இடம் கொட்டிவிட்டுப் போய்விட்டன. வலை வேம்பிலேயே கிழிந்தது.

"ஏன் தம்பி வலை?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது அக்கா. கூட்டமாக் கண்டால் எங்கடை கை தானா வலையைத் தேடும்."

ஊர் சும்மா விடுமா? வலை போட்டு இலையான் பிடித்த மாப்பிள்ளை என்று ஒரு மாதம் கதைத்தார்கள். (இலையான் என்றால் ஈ.)

இரண்டாவது கூட்டத்துக்கு அவர் முறையைப் படித்துவிட்டார். தண்ணீர் தெளித்து இறக்கையை நனைத்து, பெட்டியைக் கீழே பிடித்துக்கொண்டு கிளையை ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். ராணி உள்ளே விழுந்தால் மற்றவை தாமாக வரும். வந்தன. கோபிசங்கர் சீனிப்பாணி வைத்தார். தேனீக்கள் குடித்தன. எல்லாம் நன்றாகத்தான் போனது, வெள்ளிக்கிழமை வரும்வரை.

வெள்ளி பின்னேரம் மீனாம்பிகை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவார். சாமியறை, குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று வரிசையாகப் போய், கடைசியில் தட்டத்தைத் தேன்பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பெட்டியிலிருந்து ஒரு கருமேகம் கிளம்பித் தெற்குப் பக்கமாகப் போனது. காடு எரிகிறது என்று நினைத்திருக்கும், பாவங்கள்.

"வந்த லட்சுமிக்குக் காட்டாமல் வேறை ஆருக்குக் காட்டுறது, சொல்லும் பிள்ளை?" என்று என்னையே நியாயம் கேட்டார் மீனாம்பிகை. அன்பினால் செய்த பிழைக்கு எந்தக் கோட்டில் வழக்கு வைப்பது?

ஆனால் அன்றே அவர் ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டார். "தேன்பூச்சி குடியெழும்பிற வீடு நல்லதில்லை. மூண்டாம் தரமும் போச்சுதெண்டால் உந்தப் பெட்டியைக் கொத்தி அடுப்புக்கை வைப்பன்."

4

இந்த இடத்தில் எனக்குக் கோபிசங்கர் மீது சந்தேகம் வந்தது. மாமியார் இப்படிச் சொன்ன பிறகும் இந்த மனிதர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. கதாபாத்திரம் இவ்வளவு நல்லவராக இருந்தால் வாசகருக்குக் கொட்டாவி வரும். ஒரு குறை தேவை.

கீர்த்திகாவைக் கேட்டேன். "இவரிட்டை என்ன குறை?"

"குறட்டை" என்றார் உடனே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தனக்கு வேணும் எண்டதை வாய் திறந்து கேக்கத் தெரியாது. கறிக்கு உப்புக் காணாட்டியும் பேசாமல் திண்டிட்டு எழும்புவார். இன்னும் விருந்துக்கு வந்த ஆள் மாதிரி."

கடைசி வசனத்தை அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. எனக்கு அந்த வீட்டில் முதன்முறையாகத் துக்கமாக இருந்தது.

5

[நீக்கப்பட்டது. தேனீக்களின் சமுதாய அமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். உங்களுக்கு நான் செய்த உதவி.]

6

மூன்றாவது கூட்டம் ஒரு ஸ்கூட்டியில் வந்து உட்கார்ந்தது. பக்கத்து ஒழுங்கை ஜெனிற்றாவின் ஸ்கூட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை, சேர்ச்சில் பாட்டுக்குழுவோடு பாட வேண்டியவர், வெள்ளைச் சீலையோடு வெளியே வந்தால் கைப்பிடியில் தாடி போலத் தேனீக்கள்.

"கோபியண்ணை, கெதியாப் பிடியுங்கோ! நான் இல்லாட்டி அங்கை சோப்ரானோ பாட ஆளில்லை!"

"பாடிக்கொண்டு நில்லுங்கோ தங்கச்சி, பூச்சியள் ஆறுதலா இறங்கும்" என்றிருக்கிறார் கோபிசங்கர். அவர் பகிடியாகத்தான் சொன்னாராம். ஜெனிற்றா உண்மையாகவே ஒரு ஞானப்பாட்டைத் தொடங்கிவிட்டார். மூன்றாவது சரணத்தில் ராணி பெட்டிக்குள் போனது. (இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் முதல் சரணத்திலேயே முடித்திருப்பேன்.)

இந்த முறை அவர் இரண்டு வேலை செய்தார். ஒன்று, பெட்டி வாசலில் ஒரு சின்னத் தகட்டுக் கதவு. வேலைக்காரத் தேனீ நுழையும், உடம்பு பெருத்த ராணி நுழைய முடியாது. ராணி போகாவிட்டால் மற்றவையும் போகா. இரண்டு, மருதனார்மடத்தில் தேனீ வளர்க்கும் ஒரு சிநேகிதரிடமிருந்து புழுக்கள் உள்ள ஓர் அடையை வாங்கி வந்து பெட்டிக்குள் கட்டிவிட்டார்.

"ஏன் அது?"

"புழுவைக் கண்டால் விட்டிட்டுப் போகாதுகள் அக்கா. அதுக்குச் சாப்பாடு தீத்தத் தொடங்கிவிடுதுகள்."

"வேறை கூட்டத்தின்ரை புழுவெல்லோ? அதுகளுக்குத் தெரியாதோ?"

கோபிசங்கர் எஞ்சின் ஒயிலில் கறுத்த விரலால் தாடையைச் சொறிந்தார். "பசியிலை கிடக்கிறதுக்கு ஆரின்ரை எண்டு பாத்தே தீத்துறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

7

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. தேனீ, மற்றவருடைய பிள்ளை, கம்ஷிகா. எனக்கும் தெரிந்தது, கூச்சமாகவும் இருந்தது. சத்தியமாக நான் இதைக் கொண்டுவந்து வைக்கவில்லை. தேனீ வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்யும் வேலை அது.

கம்ஷிகா அவரோடு நேரே கதைப்பதில்லை. அவர் பக்கத்தில் நிற்கும்போதே, "அம்மா, கொப்பிக்கு மட்டை போடவேணும் எண்டு சொல்லுங்கோ" என்பாள். கீர்த்திகா சொல்ல வேண்டிய தேவை வராது, அவர் போட்டுவிடுவார். அழகாகப் போடுவார், மூலை மடியாமல். பிள்ளை வாங்கிக்கொண்டு போய்விடும். பின்னேரங்களில் பெட்டிக்கு எதிரே கதிரை போட்டுத்தான் வீட்டுப்பாடம் செய்வாள். அவர் வந்தால் எழுந்து போவாள்.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: "கம்ஷிகா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, 'அப்பா' என்று…"
கிழித்துப்போட்டேன். கண்டறியாத சினிமா முடிவு.

இன்னொன்று: கூட்டம் போய்விடுகிறது, மீனாம்பிகை பெட்டியைக் கொத்துகிறார், அந்த விறகில் பொங்கிய பொங்கலை எல்லாரும் சாப்பிடுகிறார்கள். இதை எழுதிய இரவு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் கோபிசங்கர் தகட்டுக் கதவைக் கழற்றாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அதை அப்படியே விடவும் முடியாது. தேனீக்கள் காலில் கொண்டுவரும் மகரந்தம் கதவில் உரசிக் கீழே கொட்டுப்பட்டுப் போகிறது. "நாளைக்கு" என்பார். நாளைக்குக் கேட்டால் "நாளையிண்டைக்கு" என்பார்.

போன சனிக்கிழமை நான் போனபோது மெல்லக் கேட்டார். "அக்கா, கதையிலை கதவைக் கழட்டிப்போட்டியளோ?"

"இல்லைத் தம்பி. நீங்கள் கழட்டினால்தான் நான் கழட்டலாம்."

"நான் நீங்கள் கழட்டுவியள் எண்டெல்லோ பாத்துக்கொண்டிருக்கிறன்!"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையில் குறடோடு போய்க் கதவைக் கழற்றினார்.

8

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கீர்த்திகா தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் ஒரு வாய் குடித்திருப்பேன்.

பெட்டி வாசலிலிருந்து தேனீக்கள் வெளியே பொங்கிவரத் தொடங்கின. பத்து, நூறு, எண்ண முடியாமல். வாசலுக்கு முன்னால் மேலும் கீழுமாகச் சுழன்று இரைந்தன. மீனாம்பிகை உள்ளேயிருந்து தட்டத்தையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து டணடணவென்று அடித்தார். அடித்தால் கூட்டம் போகாது என்பது அவருடைய நம்பிக்கை. பெட்டியைக் கொத்துவேன் என்ற அதே மனுஷிதான். "போகப்போகுதுகள்! தம்பி, தண்ணியை ஊத்துங்கோ!"

கோபிசங்கர் கிணற்றடி வாளியைத் தூக்கிவிட்டார். ஆனால் ஊற்றவில்லை.

"ஏன் நிக்கிறியள்?" என்றேன்.

"குடியெழும்பிறதெண்டாலும் இப்பிடித்தான் வெளியிலை வரும் அக்கா. குஞ்சுப் பூச்சியள் முதல்முதல் பறந்து வீட்டை அடையாளம் பிடிக்கிறதெண்டாலும் இப்பிடித்தான் வரும். போறதெண்டால் தண்ணியை ஊத்தினால் நிண்டிடும். அடையாளம் பிடிக்கிறதெண்டால், ஊத்தினால் வெருண்டு போயிடும்."

"எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியேல்லை" என்றார். தனக்கு என்ன வேண்டும் என்பது முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

கம்ஷிகா கதிரையை விட்டு எழுந்து வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊத்தாதேங்கோ. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். அதுகள் எல்லாம் பெட்டியைப் பாத்துக்கொண்டெல்லோ பறக்குதுகள்."

நானும் பார்த்தேன். சில பெட்டியைப் பார்த்துக்கொண்டு பறந்தன. சில தெற்கே பார்த்துக்கொண்டு பறந்தன. அல்லது என் கண்ணாடி சரியில்லை.

9

சுபாங்கன் முடிவு கேட்கிறார். என்ன நடந்ததென்று எனக்குத் தெரியும், அங்கே நின்றேனே. ஆனால் நான் சொல்லிவிட்டால் நீங்கள் "ஓகோ" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்த மனிதர் நின்ற இடத்தில் ஒரு நிமிடமாவது நீங்களும் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆகவே வாளியை உங்களிடம் தருகிறேன். நிறையத் தண்ணீர் இருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள். மாமியார் ஊற்றச் சொல்கிறார். பிள்ளை வேண்டாம் என்கிறாள், இன்னும் கையை எடுக்கவில்லை. தேனீக்கள் வந்துகொண்டே இருக்கின்றன.