முந்நூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண்

புஷ்பலதா காலையிலிருந்து நான்காவது தடவையாக வாசலைக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினால் சிமெண்டு கரைந்து ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய புந்தோங் ஊரின் பழைய மண் தெரிந்துவிடும். பதினோரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கை சும்மா இருக்க மறுத்தது. நேற்றுதான் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் அவள் நிரப்பிக் கொடுத்த பாரத்தால், அந்த ஒரு படிவத்தால் வந்தது. கையுறைத் தொழிற்சாலையில் மன அழுத்தம் பற்றி வகுப்பெடுத்தவர், வாழ்க்கையில் விழும் ஒவ்வோர் அடிக்கும் உளவியலில் மதிப்பெண் உண்டு என்று சொல்லிப் பாரத்தை நீட்டினார். வீடு மாறினால் இவ்வளவு, வேலை போனால் இவ்வளவு, துணை இறந்தால் நூறு. புஷ்பலதாவுக்குப் பாரம் நிரப்புவது புதிதா என்ன? அரசாங்க உதவிப் பாரமென்றால் கஷ்டம் கூடக்கூடத்தானே அரிசிப் பை கிடைக்கும்! பேனா தாராளமாக ஓடியது. ஓடிய வேகத்தில் புருஷனையும் கொன்றுவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு! வகுப்பிலேயே முதல். முந்நூறைத் தாண்டினால் வண்டியைத் தொடக்கூடாது, மூன்று மாதம் ஓய்வு என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூன்று மாதம், புருஷன் சுகுமாரனோடு வீட்டில்! லாரி கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திய இந்த எட்டு மாதத்தில் அவன் பேசிய வார்த்தைகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். நாற்காலியில் வேர்விட்டிருந்தான்.

வாசலில் கார் நின்றது. தொழிற்சாலையின் ஆள்வள அதிகாரி கிருஷாந்தி, லாரி டயர் அளவு மலர்வளையத்தோடு இறங்கினாள்.

"அக்கா, ஒரு வார்த்த சொல்லலியே..."

புஷ்பலதாவின் கையிலிருந்து தண்ணீர்க் குழாய் நழுவியது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. சுகுமாரன் வாசலுக்கு வந்தான்.

"யாரு தவறிட்டாங்க?"

"நீங்கதான்," என்றாள் புஷ்பலதா.

அவன் மலர்வளையத்தின் நாடாவை நிதானமாகப் படித்தான். "பேரு சரியாத்தான் போட்டிருக்காங்க."

கிருஷாந்தியின் முகத்தில் நிறம் வந்து வந்து போனது. கடைசியில் பையிலிருந்து பாரத்தை எடுத்தாள். "உதவிப் பாரம்னு நெனச்சிட்டீங்களாக்கா? இந்த நூற மட்டும் வெட்டிரட்டா? நாளைக்கே சாவி வாங்கித் தாரேன்லா."

வெட்டு என்று சொல்லத்தான் புஷ்பலதா நேற்றிலிருந்து தவித்தாள். இப்போது வாய் வேறொன்று கேட்டது.

"எட்டு மாசமா வாயத் தொறக்காத புருஷனுக்கு எத்தன மார்க்கு?"

"அதுக்குக் கட்டமே இல்லக்கா."

கிருஷாந்தியின் பேனா நூறின் மேல் நின்றது. சுகுமாரன் மலர்வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்தான். தரையில் துள்ளிய குழாயை எடுத்து, பளபளவென்றிருந்த வாசலை ஐந்தாவது தடவையாகக் கழுவத் தொடங்கினான்.