ஆத்தா கேட்ட மிருகம்

எல்லப்பன் மாடாக நடந்தான், ஆடாகக் கத்தினான், மலைக்கோயில் படிக்கட்டில் தேங்காய் மூடி பிடுங்கும் குரங்காகவும் ஆகிப் பார்த்தான். சிரி என்று சொன்னால்கூட எதற்கு என்று கேட்கிற ஆள் அவன். ஊரார் பார்த்திருந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்திருப்பார்கள். வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்த அவன் மகள் வரலட்சுமி, குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். ஆறு வயசு. உடம்பெங்கும் அம்மை முத்துப் போட்டு, இமைகள் வீங்கி, கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. அவள் கேட்டது வேறு.

“ஒட்டகச்சிவிங்கி பண்ணு நைனா. டீச்சர் பண்ணுவாங்களே.”

அந்தப் பேரையே எல்லப்பன் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு மிருகப் படப் புஸ்தகம் இருக்கிறது, ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு அந்த மிருகம் மாதிரியே நடக்கவும் தாவவும் பிள்ளைகளை விடுவார்கள் என்பது மட்டும் தெரியும். அவள் வீட்டுக்குள் தவளையாகத் தாவிக் கூழ்ச்சட்டியை உடைத்தபோது முதுகில் ஒன்று வைத்திருக்கிறான். இப்போது, நாளைக்குப் பண்றேன் என்று சமாளிக்கப் பார்த்தான்.

“அவளா கேக்குறா? ஆத்தா கேக்குறாய்யா,” என்றாள் அவன் பெண்டாட்டி பூவம்மாள், வேப்பிலைக் கொத்தால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே. “கேட்டது கெடைக்காம ஆத்தா மனசு குளுந்து எறங்குவாளா? போய்க் கேட்டுகினு வா.”

அம்மை கண்ட வீட்டில் பிள்ளையின் வாயில் வருவது அம்மன் வாக்கு. இளநீர் கேட்டாள், எங்கெங்கோ அலைந்து கொண்டுவந்தான். சிவப்பு வளையல் கேட்டாள், அதுவும் வந்தது. இதை மட்டும் இல்லை என்றால் அம்மன் பிள்ளையோடு போய்விடுவாள் என்பதில் பூவம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. எல்லப்பனுக்கும் இல்லை. போன வருஷம் அம்மை குத்த வந்தவருக்குப் பயந்து பிள்ளையை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தவன் அவன். இப்போது பிடித்துக்கொள்ள அவனுக்கு இது ஒன்றுதான் மிச்சம்.

பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தான். தேவசுந்தரி டீச்சர் புஸ்தகத்தோடு வாசலுக்கு வந்தார்.

“வரலட்சுமி நைனாவா? அங்கயே நில்லுங்க. உள்ள கொழந்தைங்க இருக்காங்க.”

“அந்தப் படப் புஸ்தகத்த ஒரு நாளைக்குக் குடுங்க டீச்சரம்மா. ஒட்டகச்சிவிங்கி வேணும்னு கேட்டுகினே கீது.”

“உங்க வீட்டுக்குள்ள போச்சுன்னா அப்புறம் கொளுத்தணுங்க. இருக்கறது இது ஒண்ணுதான். சீமையில சண்டை முடிஞ்சு கப்பல் வந்தாத்தான் வேற வரும்.”

சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு புஸ்தகத்தைப் படியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிச் சேர்த்து, விரல்களை மூஞ்சி மாதிரி முன்னால் மடக்கி, குதிகால் தரையில் படாமல் அசைந்து அசைந்து நடந்தார். பஜாருக்குப் போகிற வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அழுகையில் டீச்சரின் தோள் குலுங்கியது, ஆனாலும் நடையை விடவில்லை.

“எப்டிங்க கத்தும்?” என்று கேட்டான் எல்லப்பன்.

“கத்தாதுங்க. சத்தமே போடாது.”

சரிங்க என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவனுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அது உறைத்தது. கண் மூடிக் கிடக்கிற பிள்ளைக்குச் சத்தம் போடாத மிருகத்தை எப்படிக் காட்டுவது? திரும்பிப் போய் வேறு என்ன கேட்பது என்றும் தெரியாமல் வீட்டுக்கே நடந்தான்.

குடிசைக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைத் தூக்கி, டீச்சர் நடந்த மாதிரியே நடந்தான்.

“பண்றியா நைனா?”

“ஆங், பண்ணிகினுதான் கீறேன்.”

“பொய்யி. சும்மா நின்னுகினு கீற.”

அவன் தொண்டையைச் செருமி, மாட்டுக்கும் குதிரைக்கும் நடுவே ஏதோ ஒரு குரல் கொடுத்துப் பார்த்தான்.

“அது கத்தாது,” என்றாள் பிள்ளை. காலையில் இருந்த குரல்கூட இப்போது இல்லை.

“நல்லாப் பண்ணுய்யா,” என்றாள் பூவம்மாள். வைகிறாளா கெஞ்சுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இதைவிட நன்றாக எப்படிச் செய்வது என்றும் தெரியவில்லை. இன்னும் உயரமாக எக்கினான். விரல் கூரையில் பட்டு, காய்ந்த பனையோலை சரசரத்தது. பிள்ளையின் தலை லேசாக அசைந்தது.

“எல துன்னுதா?”

“ஆங், துன்னுது தாயே. உச்சி எல.”

ஒரு ஓலையைப் பிய்த்தான். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவன் நிறுத்தவில்லை, பாயின் பக்கம் திரும்பவும் இல்லை. பூவம்மாளின் கையில் வேப்பிலைக் கொத்து அசையாமல் இருந்தது. கூரை பிய்ந்த இடத்தில் உச்சிவெயில் நேராகப் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. ஓலைத்தூசி அந்த வெளிச்சத்தில் மெல்ல இறங்கி, மூச்சில் கலையாமல் அவள் உதட்டின்மேல் படிந்துகொண்டிருக்க, எல்லப்பன் குதிகால் தரையில் படாமல் அடுத்த ஓலைக்கு எக்கினான்.