பாதி நீர்நாய்களுக்கு முழு மானியம்

1933-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அல்சூர் ஏரியின் நீர்நாய்கள், ஏரிக் கமிட்டித் தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஒட்டுமொத்தமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போயின. சாகவில்லை; வேறு ஏரிக்குக் குடிபோகவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தன, தெரியவில்லை, அவ்வளவுதான். அதே மாதம் கன்டோன்மென்ட் சந்தையில் தக்காளி மலிந்தது, மண்ணெண்ணெய் விலை ஏறியது. நம்பாதவர்கள் நம்பாமல் போகலாம். அதற்கு வரி கிடையாது.

கமிட்டி என்றால் ஏதோ பெரிய தர்பார் என்று நினைத்துவிட வேண்டாம். ஏரிக்கரையிலேயே ஓர் ஓட்டுக் கட்டடம், ஆடுகிற மேஜை, தூக்கத்தை அடக்கிக்கொண்டு நாலைந்து பேர். தலைவர் ரிட்டயர்டு இன்ஜினீயர் சுந்தரராமன். மனிதர் கெட்டவர் இல்லை. சொன்ன சொல் மாறமாட்டார். அதனாலேயே அவரோடு குடித்தனம் செய்வது கஷ்டம் என்று அவர் சம்சாரமே சொல்வார். ஒரு பெண்ணையாவது உறுப்பினராகப் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, வாய் திறக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் மர்பி டவுன் மிஷன் பள்ளிக்கூடத்து ஜூடித் டீச்சரைப் போட்டார்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளை அதட்டி மேய்க்கிற ஒருவர் வாய் திறக்கமாட்டார் என்று இவர்களுக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ! டீச்சருக்கு நீர்நாய்கள் மேல் உயிர். ஏன் என்று கேட்டால், "உங்களுக்குக் காப்பி மேல ஏன் உயிரு? அதே மாதிரிதான்" என்பார். ஏரியின் கீழ்க்கரை நாணலுக்கு அடியில்தான் அவை வளை தோண்டிக் குட்டி போடும். அந்த நாணலை வெட்டி, இடத்தைத் தூர்த்து டென்னிஸ் கோர்ட் போடுவதென்று கமிட்டி முடிவு செய்து, வலைகூட வாங்கி வைத்திருந்தது. டீச்சர் முதல் கூட்டத்திலேயே எழுந்து, நாணலுக்கு வேலி வேண்டும், காவலாள் வேண்டும், அதற்கு வருஷாவருஷம் மானியம் ஒதுக்க வேண்டும் என்றார்.

"எதுக்கு டீச்சரம்மா? எங்க பார்த்தாலும் அதுதான் ஓடறது. நன்னா இருக்கறதுக்கு யாராவது பணம் ஒதுக்குவாளா?" என்றார் சுந்தரராமன்.

"பல்லு இருக்கறப்பதானே சார் தேய்க்கிறோம்? விழுந்தப்புறமா தேய்ப்பீங்க?"

சுந்தரராமன் பல்செட் கட்டியவர். முகம் சிவந்துவிட்டது. "மொதல்ல அதெல்லாம் கண்ணுல படாமப் போகட்டும். அப்பறம் பணம் தரேன். இது என் வாக்கு!" என்று மேஜையைத் தட்டினார். வராந்தாவில் ஒரு தாய் நீர்நாய் குட்டிகளோடு படுத்து, ஆபீஸ் சமையல்காரர் எறிந்த கெண்டை மீனைத் தின்றுகொண்டிருந்தது. அது தின்பதை நிறுத்தி, தலைவரை ஏற இறங்கப் பார்த்து, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது.

மறுநாள் ஒன்றையும் காணோம். ஆனால் ஏரிப் படிக்கட்டில் ஈரக் காலடிகள் தாமாக ஏறின, இறங்கின. தூண்டிலில் மாட்டிய மீன் அந்தரத்தில் நின்று தலையிலிருந்து வால்வரை தானே தேய்ந்து தீர்ந்தது. துணி வெளுக்கிற பாமா டீச்சர் வீட்டுக்கே ஓடிவந்தாள். "டீச்சரம்மா, காயப்போட்ட துணி மேல எவனோ சொட்டச் சொட்டப் பொரள்றான், ஆளு மட்டும் இல்ல! பேய்னா காலு இருக்காதுன்னுவாங்க. இதுக்குக் காலு மட்டும்தான் கீது!" டீச்சருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கரைக்குப் போய், போகிற வருகிறவர்கள் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார். "அசடுங்களா, அந்த மனுஷன் பேச்சுக்குச் சொன்னாரு, நீங்க நெசமாவே எடுத்துக்கிட்டீங்களே! இனிமே உங்கள எப்படிப் பார்ப்பேன்?" அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே கமிட்டிக்குப் போய், வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சுந்தரராமன் கரைக்கு வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கண்ணில் படாத வரைக்கும் பணம் உண்டு என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்.

வேலி வந்தது. காணாததைக் காவல் காக்க ஒரு காவல்காரர் வந்தார். இதைவிட நல்ல உத்தியோகம் மைசூர் ராஜ்யத்திலேயே கிடையாது என்று அவர் உறவுக்காரர்களுக்கெல்லாம் எழுதினார். நாணல் ஆள் உயரம் வளர்ந்தது. சாயங்காலங்களில் நீர்நாய்களின் சீழ்க்கைச் சத்தம் வருஷத்துக்கு வருஷம் கூடியது. பிறந்த குட்டிகளும் பிறக்கும்போதே தெரியாமல்தான் பிறந்தன. லிங்கராஜபுரத்திலிருந்து பிள்ளைகள் வந்து மடியை விரித்து உட்காருவார்கள். மடி கனத்து நனைந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் உதை வாங்குவார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, 1938-இல் மதராஸிலிருந்து ரெமிஜியஸ் என்ற ஆடிட்டர் வந்து சேர்ந்தார். சிரிப்பை மதராஸிலேயே வைத்துவிட்டு வந்த ஆசாமி. "கண்ணுக்குத் தெரியாத பிராணிக்கு வேலி, வாட்ச்மேன்! என்னங்க கூத்து இது? ஒண்ணையாவது காட்டுங்க. இல்லேன்னா நாளையோட மானியம் ரத்து" என்றார். "காட்டினாலும் ரத்துதான். கண்ணுல படாத வரைக்கும்னுதான் என் வாக்கு" என்றார் சுந்தரராமன். அவருக்கே அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னார். பரணிலிருந்து டென்னிஸ் வலையை இறக்கித் தூசி தட்டச் சொல்லியாகிவிட்டது.

ஆடிட்டரும் தலைவரும் மேல்படியில் நிற்க, டீச்சர் ஏரிப் படிக்கட்டில் கடைசிப் படிவரை இறங்கி, முழங்கால் தண்ணீரில் புடவையோடு நின்றார். "வந்தாலும் போச்சு, வராட்டியும் போச்சு. எனக்கு ஒரு வழியும் தெரியலடி. நாணல் போனா நீங்க எங்க போவீங்க? ஏதாவது பண்ணுங்க, ஜல்தி!" என்று ஏரியைப் பார்த்துக் கத்தினார்.

தண்ணீர் அசைந்தது. முதலில் மீசை, பிறகு தலை, நெஞ்சு, முன்னங்கால்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் குடும்பம் குடும்பமாகக் கரையேறி வரிசையாக உட்கார்ந்தன. இடுப்புக்கு மேல் பளபளவென்று நீர்நாய். இடுப்புக்குக் கீழே வெறும் படிக்கட்டு.

"இருக்கு" என்றார் ரெமிஜியஸ்.

"முழுசாக் கண்ணுல படலையே" என்றார் சுந்தரராமன். ஐந்து வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை யாரும் பார்த்ததில்லை. ரெமிஜியஸ் குனிந்து, ஒன்றின் பின்பாதி இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத வால் ஒன்று அவர் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மானியம் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்று மாலை ரயிலுக்கே கிளம்பிவிட்டார். டென்னிஸ் வலையைப் பாமா கேட்டு வாங்கித் துணி மூட்டை கட்டினாள்.

யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, சுந்தரராமன் காலமானார். 1946-இல் புதிதாக வந்த தலைவர் சேஷகிரி படித்த மனிதர். பிராணிகள் இருக்கும்போதே காப்பாற்ற வேண்டும் என்று தாமாகவே பேசினார். கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் மானியம் நிரந்தரம், நாணலில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுத் தந்தார். தலை நரைத்துவிட்ட ஜூடித் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் படிக்கட்டுக்கு வந்து, நீர்நாய்களைக் கூப்பிட்டு வரிவிடாமல் வாசித்தார். "இனிமே பயம் இல்ல. முழுசா வாங்க. உங்க வாலைப் பார்த்துப் பதிமூணு வருஷம் ஆச்சு" என்று கெஞ்சினார். அவை பொறுமையாகக் கேட்டன. வயதான தாய் ஒன்று கிட்டே வந்து அந்தக் காகிதத்தை முகர்ந்தது. பிறகு எல்லாம் முங்கின. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் எழுந்து வந்தன. முன்பாதி மட்டும்தான் வந்தது.

டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "அதுவும் சரிதான்டி. முன்ஜாக்கிரதையாப் பின்பாதியக் கையிலயே வச்சிக்கிங்க" என்று சொல்லி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்.