முட்டை ஆட்டம் கணக்கில் சேராது

டெஸ்மண்ட் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் அவனை நெடுநாள் தெரிந்தவன் மாதிரி நடத்துவார்கள். மைதான வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அவனிடம் மட்டும் நின்று பேசுவார். டீக்கடைப் பெண்கள் அவன் தட்டில் மட்டும் பொரித்த உருளைக்கிழங்கைக் குவிப்பார்கள். அதே வரிசையில் அவனுக்கு அடுத்து நிற்கிற எனக்கு எப்போதும் அளவுச் சாப்பாடுதான். இதற்கெல்லாமா வயிறெரிவது என்று என் மனைவி ஹில்டா கேட்பாள். எரிகிற வயிறு காரணம் கேட்டுவிட்டா எரிகிறது?

நானும் அவனும் மைதானம் பார்க்கிறவர்கள். பெரிய அணிகளின் மைதானத்தை டிவி வைத்திருக்கிற எவனும் பார்க்கலாம். நாங்கள் போவது கீழ்மட்ட லீக் மைதானங்களுக்கு. தபால்காரரும் கூரை வேலை செய்கிறவரும் சனிக்கிழமை மத்தியானம் கால்பந்து ஆடுகிற இடங்கள் அவை. ஒரு பக்கம் தகரக் கொட்டகை இருக்கும், மறுபக்கம் செம்மறியாடுகள் மேயும். ஒரு லீகில் இருக்கிற எல்லா மைதானத்திலும் தலா ஒரு ஆட்டம் பார்த்துவிட்டால் அந்த லீக் முடிந்தது. அடுத்த லீக். இதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இது பைத்தியம். உள்ளே வந்து பார்த்தால் நீதிமன்றத்தைவிட இங்கே சட்டம் அதிகம். ஆளுக்கு ஒரு சட்டம், அதுதான் விசேஷம். என் சட்டம் எளிமையானது: முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை நின்று பார்த்தால் அந்த மைதானம் கணக்கில் சேரும். டெஸ்மண்டின் சட்டம் வேறு. ஒரு கோலாவது விழ வேண்டும். இரண்டு பக்கமும் முட்டை வாங்கி ஆட்டம் முடிந்தால் அந்த மைதானத்துக்கு அவன் போகவே இல்லை.

"கோல் விழாத மைதானம் மைதானமே இல்லடா" என்பான் காரில்.

"ரெண்டு மணி நேரம் மழையில நனைஞ்சியே, அது?"

"அது வேற எங்கயோ நனைஞ்சிருப்பேன்."

கார் என்னுடையது. டெஸ்மண்டுக்கு ஓட்டத் தெரியாது. ஒருமுறை ஓட்டுநர் தேர்வில் ஒரு தேவாலயத்துச் சுவரை இடித்துவிட்டு அத்தோடு விட்டுவிட்டான். ஆக, சனிக்கிழமை என்றால் என் பக்கத்து இருக்கையில் அவன், அவன் மடியில் சாண்ட்விச் டப்பா. மனைவிமார்கள், பிள்ளைகள், முதுகுவலி என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அந்தக் காரில்தான் பேசித் தீர்த்திருக்கிறோம். அவன் மனைவி தவறிப் போனபிறகு அவன் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் அதே இருக்கையில்தான்.

பிறகு கிளெனிஸ் வந்தாள்.

பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பச்சைக் கம்பளித் தொப்பி, மஞ்சள் நிறச் சின்ன கார், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. டெஸ்மண்ட் பல் பிடுங்கப் போன இடத்தில் பழக்கம். ஒரு சனிக்கிழமை அவளையும் எங்களோடு அழைத்து வந்தான். தனியாகப் பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமாம், அதனால் அவனும் பின்னால் ஏறிக்கொண்டான். போக வர நான் வாடகைக் கார் டிரைவர் மாதிரி முன்னால் தனியாக. பின்னால் இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் "என்ன?" என்று கேட்டபோது "ஒண்ணுமில்லடா" என்றான்.

"நீ என்ன அந்த ஆளைக் காதலிக்கிறியா?" என்று அன்று இரவு ஹில்டா கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவன் ஞாயிறு வேண்டாம், திங்கள் வேண்டாம். சனிக்கிழமை என்னுடையது. அதை எவளுக்கும் பங்கு போட்டுக் கொடுக்க நான் தயாராக இல்லை.

நல்லவேளையாக எங்கள் மலைப்பக்க லீகில் ஒரே ஒரு மைதானம் பாக்கி இருந்தது. தார்ன்ஸ்கார். அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும், ஒரே ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் லீக் முடிய வேண்டும் என்று கைகொடுத்துப் பேசி வைத்தது. நான் கேட்காமலே அவனாகச் சொன்னான், "இதுக்கு நீயும் நானும் மட்டும் போதும்டா." அந்தச் சொல்லை வாயில் போட்ட மிட்டாய் மாதிரி ஒரு மாதம் வைத்துச் சுவைத்தேன்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காற்று பேய்த்தனமாக அடித்தது. பழைய கல்குவாரியைத் தாண்டியதும் நான் இடது பக்கம் திரும்பப் போனேன்.

"வலது" என்றான் டெஸ்மண்ட்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"மேப்ல பார்த்தேன்."

மேப்பைத் தலைகீழாகப் பிடித்து எங்களைக் கடற்கரைக்கு அனுப்பிய மனிதன் இவன். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் வலது பக்கம் திரும்பினேன். மைதானம் சரியாக அங்கே இருந்தது.

டீக்கடை என்பது சக்கரம் கழற்றிய ஒரு பழைய வண்டி. உள்ளே நின்ற பெண்மணி டெஸ்மண்டைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அடடே, மறுபடி வந்துட்டியா ராசா. பச்சைத் தொப்பி போட்ட அம்மா வரலையா? வினிகரே ஊத்தாதீங்கன்னு சொன்னாங்களே, அவங்க."

டெஸ்மண்டின் காது சிவந்தது. தட்டை வாங்கிக்கொண்டான். உருளைக்கிழங்கு வழக்கம்போல் குவிந்திருந்தது. எனக்கு அளவாகப் போட்டுவிட்டு அவள் கேட்டாள், "உனக்கு என்ன ராசா, வினிகர் ஊத்தவா?"

"ஊத்துங்க. நல்லா ஊத்துங்க" என்றேன்.

மைதானத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கம்பி வேலி. அதில் சாய்ந்து நின்றோம். ஆட்டம் தொடங்கியிருந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை.

"எப்ப வந்தே?"

"எங்கே?"

"டெஸ். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே."

அவன் ஒரு கிழங்கைத் தின்று முடித்தான். "பிப்ரவரில. அவ தங்கச்சி வீடு இந்தப் பக்கம்தான். உனக்கு அன்னிக்கு ஜுரம்."

"வந்ததே இல்லாத மாதிரி கார்ல உட்கார்ந்து வந்தியே."

"வந்ததே இல்லதானேடா. முட்டை ஆட்டம். ரெண்டு பக்கமும் ஒண்ணும் அடிக்கல. நான் இங்க வரவே இல்ல." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் கள்ளம் இல்லை. தன் சட்டப்படி அவன் உண்மை பேசிக்கொண்டிருந்தான்.

"கோல் விழுந்திருந்தா?"

"விழலையே."

"விழுந்திருந்தா, டெஸ்? எங்கிட்ட என்ன சொல்லியிருப்பே?"

"விழலைங்கிறேன். விழாததுக்கு எதுக்குடா சண்டை?"

கை கொடுத்துப் பேசிய மைதானத்துக்கு, நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நாளில், அவளோடு அவள் மஞ்சள் காரில் வந்திருக்கிறான். ஒரே ஒரு கோல் விழுந்திருந்தால் அவன் லீக் அவளோடு முடிந்திருக்கும். நான் தப்பியது அவன் நட்பால் அல்ல, பதினொரு தபால்காரர்களுக்கு நேராக உதைக்கத் தெரியாததால். இடைவேளையில் அவன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். நான் குடித்தேன், ஆனால் நன்றி சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில்தான் அந்த எண்ணம் வந்தது. இன்னும் கோல் விழவில்லை. விழுந்தால் எங்கள் இருவருக்கும் லீக் முடியும், பேசி வைத்தபடி கைகுலுக்கிக்கொள்ளலாம். அதற்காகத்தான் வந்தது. விழாவிட்டால்? என் சட்டப்படி எனக்கு முடியும். அவன் சட்டப்படி அவனுக்கு முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் முன்னால், அவன் பின்னால்.

அதற்குப் பிறகு நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தது மாதிரி எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை. பந்து எந்தப் பக்கம் கோலை நெருங்கினாலும் எனக்கு வியர்த்தது. டெஸ்மண்ட் "போடு, போடு" என்று முனகிக்கொண்டிருந்தான். நான் உள்ளுக்குள் "வேண்டாம்" என்றேன். ஒருவன் தலையால் முட்டியது கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது என்னையறியாமல் "அப்பாடா" என்றுவிட்டேன். டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்தான்.

"யாரு பக்கம்டா நீ?"

"கோல்கீப்பர் பக்கம்" என்றேன்.

கடைசி நிமிடங்கள். எதிரணியின் கோலி பந்தைத் தடுக்கத் தன் இடத்தை விட்டு ஓரக்கோடு வரை ஓடி வந்து, வேலிக்கு வெளியே உதைத்துவிட்டு, சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். கோல் திறந்து கிடந்தது. அதன் முன்னால் உள்ளூர்க்காரன் ஒருவன் தன்னந்தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பந்தை உடனே எறிந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவான். மாற்றுப் பந்து முன்பே ஆட்டு மந்தைக்குள் போய்விட்டிருந்தது. இருந்தது இந்த ஒரு பந்து. அது உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

உள்ளூர் அணியின் செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன் கோட்டோரம் ஓடி வந்து கையை நீட்டினான். "பெரியவரே, பந்து, பந்து, சீக்கிரம்."

நான் குனிந்தேன். பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"யோவ் பெரிசு, பந்தைக் குடுய்யா."

"இருப்பா. வயசானவன்."

பந்தைத் தொட்டேன். அது கை நழுவி மறுபடி உருண்டது, அல்லது நான் உருட்டினேன். கொட்டகைப் பக்கமிருந்து என் பிறப்பைப் பற்றிச் சில கருத்துகள் வந்தன. பையன் வேலியைத் தாண்டிக் குதித்து அவனே பந்தை எடுப்பதற்குள் கோலி எழுந்து தன் இடத்துக்கு ஓடிவிட்டான். எறிந்தார்கள், அடித்தார்கள், கோலி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். நடுவர் விசில் ஊதினார். முட்டைக்கு முட்டை.

தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்வது என்பார்கள். என் மூக்கு பத்திரமாக இருக்கிறது என்று அந்த நிமிடம் நினைத்தேன். நெஞ்சு அப்படி நிறைந்திருந்தது.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றான் டெஸ்மண்ட்.

"வலிக்குது."

"எது?"

வலதைக் காட்டினேன்.

"அங்க இடதைப் பிடிச்சியே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கையை நீட்டினான். "சரி விடு. உனக்கு லீக் முடிஞ்சது. வாழ்த்துகள்டா." அவன் கை சூடாக இருந்தது. நான் இன்னும் ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரில் ஏறியதும் கிளெனிஸின் போன் வந்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னாச்சு?"

"முட்டை."

"அய்யோ, மறுபடியுமா." அந்தச் சிரிப்பு என் கார் முழுக்க நிறைந்தது. "அப்ப நமக்கு இன்னும் பாக்கி இருக்கு."

நமக்கு. அவளும் முட்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது. அவன் சட்டத்தை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். இத்தனை வருடம் நான் எதிர்த்து வாதாடிய சட்டம் அது.

"இருக்கு" என்றான் டெஸ்மண்ட். "நெவிலுக்குத்தான் முடிஞ்சிருச்சு."

"வாழ்த்துகள் நெவில்" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "டெஸ், அடுத்த சனிக்கிழமையும் அங்க ஆட்டம் இருக்காம். நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். பாவம் நெவில், எப்பப் பாத்தாலும் அவர்தான் ஓட்டுறாரு."

"எனக்கு ஒண்ணும் சிரமமில்ல" என்றேன். என் குரலே எனக்குக் கெஞ்சுவதுபோல் கேட்டது. "அடுத்த வாரம் நான் சும்மாதான் இருக்கேன். நானும் வர்றேன்."

டெஸ்மண்ட் என் தோளில் தட்டினான். "உனக்கெதுக்குடா? பார்த்து முடிச்ச மைதானத்துக்குத் திரும்பிப் போறவன் முட்டாள்னு நீதானே சொல்லுவே. வீட்ல கால் நீட்டிப் படு. முழங்காலைப் பாரு." அவன் சாண்ட்விச் டப்பாவைத் திறந்து எனக்கு ஒன்றை நீட்டினான். "கோல் விழுந்ததும் நாங்க உனக்குப் போன் பண்றோம்."

அவன் 'நாம' என்று சொல்லவில்லை. 'நாங்க' என்றான்.