விளக்குப் பிரிவின் லாபம்

"குழாய்ப் பிரிவை விட விளக்குப் பிரிவு ரெண்டு மடங்கு லாபம் காட்டுதே! சின்னவ கைராசி அப்படி," என்று சாப்பாட்டு மேசையில் மாமனார் சொன்னபோது, மூத்த மருமகள் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவ எழுந்துவிட்டாள்.

கடையின் கீழ்த்தளத்தில் குழாய்களும் குளியல் தொட்டிகளும் அவள் பொறுப்பு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வியாபாரத்தைக் கட்டி இழுப்பவள் அவள்தான். மாடியில் விளக்குப் பிரிவைத் தொடங்கிய ஓரகத்தியோ போன வருஷம் வந்தவள். வந்ததும் வராததுமாகக் கணக்குக்குப் புது மென்பொருள் கேட்டாள். மாமனார் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே மூத்தவள் மாடியிலிருந்த கணினி முன் உட்கார்ந்துவிட்டாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறு நல்லெண்ணம் ஒன்றுமில்லை.

முதலில் ஒரு குழாயின் பில்லைத் திறந்தாள். விற்ற பணம் ரொக்கக் கணக்கில் ஏறியிருந்தது. அதே தொகை விற்பனை வருமானத்திலும் ஏறியிருந்தது. கூடவே குழாயின் அடக்கவிலை சரக்குக் கணக்கில் கழிந்து, விற்ற பொருளின் செலவாகப் பதிவாகியிருந்தது. அடுத்து ஒரு தொங்கு விளக்கின் பில். ரொக்கம் இருந்தது, வருமானம் இருந்தது. சரக்கு குறையவே இல்லை, செலவும் ஏறவில்லை. விளக்குகளைப் பதியும்போது 'சரக்கு' என்பதற்குப் பதிலாக 'சேவை' என்று குறித்திருந்தாள் சின்னவள். சேவை என்றால் மென்பொருள் சரக்கைக் கழிக்காது. யார் வீட்டிலோ எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, கணக்கில் இன்னும் கடை மாடியிலேயே தொங்கியது.

மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்க. நீயும் வாம்மா, கைராசிக்காரி!"

விஷயத்தைக் கேட்டதும் சின்னவளின் முகம் வெளிறியது. "எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான் அக்கா. இவ்வளவு லாபம் எப்படின்னு புரியவே இல்ல. உங்கள கேட்டா சிரிப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

சிரித்துத்தான் இருப்பாள். மூத்தவள் ஒவ்வொரு விளக்காகத் திருத்தினாள். விட்டுப்போன அடக்கவிலை செலவில் ஏற ஏற, விளக்குப் பிரிவின் லாபம் மளமளவென்று சரிந்தது. சரிந்து, குழாய்ப் பிரிவுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது.

"அப்பவும் சின்னவதான் முந்துறா," என்றார் மாமனார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"அக்கா பார்க்கலைன்னா என் மானம் போயிருக்கும் மாமா. எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"சும்மா பார்த்தேன்."

சின்னவள் மனசாரக் கேட்டாள் என்பதுதான் தாங்க முடியவில்லை. போலியாகக் கேட்டிருந்தால் வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

விறுவிறுவென்று கீழே இறங்கிய மூத்தவள், மூலையில் தூசி படிந்துகிடந்த குளியல் தொட்டிகளை ஆள் வைத்து வாசல் பக்கம் நகர்த்தினாள். விலைச்சீட்டை மாற்றினாள். பொழுது சாய்வதற்குள் ஒன்று விற்றது. பில்லை அவளே போட்டாள். போட்டுவிட்டு, மாடியில் இருப்பவளுக்குக் கேட்கும்படி, "தொட்டி ஒண்ணு போயிடுச்சு!" என்று உரக்கச் சொன்னாள்.